எல்லாத்துக்கும் நாலு போட்டுக்கம்மா

சந்தை ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தரமணி அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது முதலில் மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்டால் எல்லாரும் தங்கள் வெற்றிகளைத்தான் எழுதுவார்கள். படிப்பவர்களுக்குத் தூக்கம் வரும். "நான் செய்த தப்பை எழுதட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் பேசிய பெண் சற்று யோசித்துவிட்டு, "எவ்ளோ பெரிய தப்பு மேடம்?" என்றாள். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஃபேக்டர் அனாலிசிஸ் செய்வது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. டீ ஆறுவதற்குள் மென்பொருளே செய்து முடித்துவிடுகிறது. ஆனால் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன், வெளியாள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் விழிக்கக் கூடாது. வாடிக்கையாளர்களிடம் முப்பது வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கேட்கிறோம். முழுக்கச் சம்மதம் என்றால் ஐந்து, கொஞ்சமும் சம்மதமில்லை என்றால் ஒன்று. எந்தெந்த வாக்கியங்களின் மதிப்பெண் சேர்ந்தாற்போல் ஏறி இறங்குகிறது என்று பார்த்து, கணினி அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிப் போடுகிறது. முப்பது வாக்கியம் நான்கைந்து மூட்டைகளாகிவிடும். மூட்டைக்குள் இருப்பது இன்னதென்று கணினி சொல்லாது. அதன் மேல் ஒரு பெயரை எழுதி ஒட்டுவது நம் வேலை. அப்படிப் பெயர் ஒட்டிய மூட்டையைத்தான் காரணி என்கிறோம்.

நான் வழுக்கி விழுந்தது அந்தப் பெயர் ஒட்டுகிற இடத்தில்.

பெயர் வைப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எங்கள் பங்குக் கோயிலில் பதினோரு குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவள் நான். அதில் ஏழு பெயர் நான் தேர்ந்தெடுத்தது. அலுவலகத்திலும் அதே கதைதான். மற்றவர்கள் 'காரணி ஒன்று, காரணி இரண்டு' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும்போது நான் மட்டும், அப்போது அலுவலகம் இருந்த தேனாம்பேட்டையின் சிக்னலில் நிற்கிற வண்டிகளை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நல்ல பெயருக்காகக் காத்திருப்பேன்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. நான்கு மாடி. உரிமையாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அவருக்கு ஒரே கவலை. வருகிறவர்கள் நாற்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்று தெரிய வேண்டும். எங்களிடம் வந்தார். எடுத்த எடுப்பிலேயே என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். என் அம்மா, பெரியம்மா, இரண்டு சித்திகள் எல்லாரும் டீச்சர்கள். நான் ஒருத்தி தப்பித்துவிட்டதாக நினைத்திருந்தேன். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது போல.

டேப்லெட்டில் கேட்கலாம் என்றோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மெஷினைக் கண்டால் பெண்கள் ஒழுங்காகப் பேச மாட்டார்கள் என்றார். ஆகவே காகிதப் படிவம். முன்பக்கம் இருபத்திரண்டு வாக்கியம், பின்பக்கம் எட்டு. ஒரு நகைக்கடைக்கு முன்பு செய்த படிவம் கையில் இருந்தது. அதில் 'நகை' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'சேலை' என்று மாற்றினேன். இதை நீங்களும் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்யாதே என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

மூன்று வாரத்தில் படிவங்கள் வந்தன. கணினியில் ஏற்றினோம். நான்கு மூட்டை விழுந்தது. மூன்று சாதாரணம்: விலை, ரகம், கல்யாணக் கூட்டம். நான்காவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். விற்பனைப் பெண்களின் பொறுமை, கடையின் குளிர்ச்சி, உட்கார இடம், நிலைக்கண்ணாடி, லிஃப்ட், கழிப்பறை, பில் போடும் வேகம், கடையில் தரும் காபி. எட்டு வாக்கியமும் ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டியதைப் போல் சேர்ந்திருந்தன. அவ்வளவு இறுக்கமான ஒட்டுதலை என் பணிக்காலத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதற்காகவே பயந்திருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன்.

இரண்டு நாள் யோசித்துப் பெயர் வைத்தேன்: 'தாய்வீட்டு உணர்வு'.

எங்கள் மேலதிகாரி மயிலாப்பூர்க்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அறிக்கையை வாசித்து ஒத்திகை பார்க்கும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் ஸ்டெல்லா, லிஃப்ட்டும் காபியும் எப்படி ஒண்ணாச் சேர்ந்துண்டுது?"

நான் அசரவில்லை. "சார், தாய்வீட்டுக்குப் போனா நம்மள மாடி ஏற விடுவாங்களா? போனதும் காபி தருவாங்களா, இல்லையா? ரெண்டும் ஒரே உபசரிப்புதான்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நன்னாப் பேசற," என்றார். அது பாராட்டு என்று நினைத்துவிட்டேன். பெயர் வைத்துவிட்டால் விளக்கம் தானாக வரும், பிள்ளைகளே. லிஃப்டுக்குப் பதிலாக அந்த மூட்டையில் தீயணைப்புக் கருவி இருந்திருந்தாலும் நான் தாய்வீட்டோடு முடிச்சுப் போட்டிருப்பேன்.

அண்ணாச்சி முன்னால் அறிக்கையை வாசித்தபோது நான்காவது காரணி வந்ததும் அவர் கண் கலங்கியது. "எங்க அம்மை இருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா டீச்சர்," என்றார். அதற்குமேல் அந்த அறிக்கையில் வேறெதுவும் அவர் காதில் விழவில்லை. ஒரே வாரத்தில் கடைப் பைகளில் 'உங்கள் தாய்வீடு' என்று அச்சாகிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. அடையாறில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். ஒரு மாணவி குறிப்பெடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக்கூட எனக்கு நினைவு. தூசியாக இருந்திருக்கலாம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டார். ஊஞ்சல் பார்க்க வர வேண்டுமாம்.

"என்ன ஊஞ்சல் அண்ணாச்சி?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்குதிய? தாய்வீடுன்னு சொன்னது நீங்க. மூணாவது மாடியைக் காலி பண்ணி நடுவுல அந்தக் காலத்து வீட்டு முத்தம், ஊஞ்சல், சுத்தித் தேக்குத் தூணு. தூணு காரைக்குடியிலேருந்து வந்துக்கிட்டிருக்கு. வியாழக்கிழமை நல்ல நாளு, ஆசாரி வாராரு."

மூன்றாவது மாடி காட்டன் சேலைப் பிரிவு. நான் அன்றைக்கே போய்ப் பார்த்தபோது பாதி அலமாரிகள் ஏற்கெனவே காலியாகியிருந்தன. அண்ணாச்சி ஊஞ்சல்கடைக்காரருடன் போனில் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மடித்த சேலைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு விற்பனைப் பெண் என்னிடம் வந்தாள். செல்வி என்று சட்டையில் பெயர்ப்பட்டை. முப்பது வயது இருக்கும்.

"நீங்கதான் அந்தத் தாய்வீட்டு மேடமா?"

"ஆமாம்," என்றேன். கொஞ்சம் நிமிர்ந்தே நின்றிருப்பேன்.

"எங்க ஃப்ளோர் பன்னெண்டு பேரையும் வெள்ளிக்கிழமைலேருந்து செங்குன்றம் தாண்டி இருக்கற குடோனுக்குப் போகச் சொல்லிட்டாங்க மேடம். விலைச்சீட்டு ஒட்டற வேலை. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். எம் பொண்ணு அஞ்சாவது படிக்கறா. அவ ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு நான் எங்க இருப்பேன்னு பாத்துக்கங்க." குரலில் சண்டை இல்லை. தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "கஸ்டமருங்க அப்படி என்ன மேடம் சொன்னாங்க?"

நான் எட்டு வாக்கியங்களையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் கடைசி வாக்கியத்தில் நிறுத்தினாள்.

"காபியா?"

"ஆமாம்மா. நாலு மார்க் போட்டிருக்காங்க."

"இங்க ஏது மேடம் காபி? மெஷின் ரிப்பேராகி ஆறு மாசம் ஆகுதே."

லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். காபி மெஷின் நின்றிருந்தது. அதன் மேல் ஒரு சேலை விளம்பர அட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"உங்க ஆளுங்க எங்க நின்னு கேட்டாங்க?" என்றாள் செல்வி.

"கீழே, பார்சல் வாங்கற கவுன்ட்டர்ல."

அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பில்லை, உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. "பார்சல் கைக்கு வந்தப்புறம் அங்க யாரு மேடம் நிப்பாங்க?"

அண்ணாச்சியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். பொய்யில்லை, வந்துவிட்டது.

அலுவலகத்தில் கோப்பறையைத் திறந்து படிவக் கட்டுகளைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கட்டு, முன்பக்கம்: டிக் குறிகள் மேலும் கீழுமாக, மனிதர்கள் யோசித்த மாதிரி இருந்தன. பின்பக்கத்தைத் திருப்பினேன். எட்டு டிக்கும் ஒன்றின் கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் இறங்கியிருந்தன. அடுத்த படிவம், அதுவும் நேர்க்கோடு. இன்னொன்றில் எட்டும் ஐந்து. இன்னொன்றில் எட்டும் மூன்று. ஒருவர் டிக்கூடப் போடவில்லை, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்திருந்தார். பாதிக்குமேல் அப்படித்தான்.

நேரில் கேட்கப்போன பெண்களில் கமலா என்பவள் அன்றைக்கு அலுவலகத்தில் இருந்தாள். சிந்தாதிரிப்பேட்டைக்காரி, எங்களிடம் பல வருஷமாகக் களவேலை பார்ப்பவள். அவளைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் காட்டினேன்.

"இன்னா மேடம், இத்தப் போய் இப்ப கேக்கறீங்க?" என்றாள். "மொத பக்கம் சோக்காப் போவும். பின்னாடி திருப்பறதுக்குள்ள பார்சல் வந்துரும். அந்தம்மா வாசலாண்ட போய்க்கினே, 'எல்லாத்துக்கும் நாலு போட்டுக்கம்மா, ஆட்டோ நிக்குது'ன்னு சொல்லிக்கினே போவும். நான் இன்னா பண்றது, பின்னாடியே ஓடவா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே கமலா."

"மொத நாளே சொன்னேனே. நீங்க 'பரவாயில்ல, சாம்பிள் கணக்கு முடியட்டும்'னீங்க." பிறகு கொஞ்சம் விறைப்பாகச் சொன்னாள்: "நானா ஒண்ணும் போடல மேடம். நாலுன்னா நாலு, அஞ்சுன்னா அஞ்சு. அவங்க சொன்னதத்தான் போட்டுக்கீறேன்."

அவள் சொன்னது சரி. ஒரு பெண் எட்டுக்கும் நான்கு சொல்ல, அடுத்தவள் எட்டுக்கும் மூன்று சொல்ல, எட்டு வாக்கியமும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்து அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டித் தந்தது. அந்த மூட்டையின் உண்மையான பெயர் 'பார்சல் வந்துவிட்டது'. அதற்குத்தான் நான் இரண்டு நாள் யோசித்துத் தாய்வீடு என்று ஞானஸ்நானம் செய்து வைத்தேன்.

மேலதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கட்டுப் படிவத்தை வாங்கிச் சீட்டுக்கட்டைப் போல விசிறிப் பார்த்தார்.

"க்ளையன்ட் எப்படி இருக்கார்?"

"ரொம்ப சந்தோஷமா இருக்கார் சார். ஊஞ்சல் வாங்கறார்."

"ஒரு மனுஷன் சந்தோஷமா இருந்துண்டிருக்கார். ஊஞ்சல் நல்ல சாமான். போட்டுட்டுப் போகட்டுமே. நாலு பொம்மனாட்டிகள் உட்கார்ந்து ஆடுவா. யாருக்கு என்ன நஷ்டம்?"

இதை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மேலிருப்பவரே சொல்லிவிட்டார், விட்டுவிடலாம். கல்லூரியில் பேசியது அப்படியே நிற்கும். பைகளில் அச்சானது அப்படியே இருக்கும். இந்த வேலையில் நம் தப்பு பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதுதான் இதில் உள்ள ஆபத்தே. பாலம் கட்டுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

"பன்னெண்டு பேரை செங்குன்றத்துக்கு அனுப்பறாங்க சார், வெள்ளிக்கிழமை," என்றேன்.

அவர் படிவங்களை மேஜையில் தட்டி ஒழுங்கு செய்தார். "அதை முதல்லயே சொல்லியிருக்கணும் நீ," என்றார். "நாளைக்குக் காலம்பற போ. லேப்டாப் எடுத்துண்டு போகாதே. உன் ஸ்லைடைப் பார்த்தா அவருக்கு மறுபடியும் அழுகை வரும். படிவத்தை எடுத்துண்டு போ."

மறுநாள் காலை, கல்லாவுக்குப் பின்னால் இருந்த அவருடைய சின்ன அறை. எனக்குக் காபி வந்தது. அந்த அறையில் தரும் காபி அவர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் வருவது என்று அப்போதுதான் கவனித்தேன்.

"அண்ணாச்சி, தாய்வீடு இல்லை," என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எங்க போச்சு?"

"இருந்ததே இல்லை. அது படிவத்தோட ரெண்டாம் பக்கம்."

"என்ன சொல்லுதிய டீச்சர்?"

படிவங்களைப் பரப்பிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாலு போட்டிருக்காங்கல்லா? நாலு நல்ல மார்க்குதானே?"

"காபிக்கும் நாலு போட்டிருக்காங்க அண்ணாச்சி."

"நம்ம காபி நல்லாத்தான் இருக்கும்."

"மெஷின் ஓடி ஆறு மாசமாச்சு."

அவர் இன்டர்காமை எடுத்து மேலே யாரிடமோ கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு வைத்தார். ஆனால் மனம் விடவில்லை. "காபியை விடுங்க. மத்ததெல்லாம் உண்மையா இருக்கலாம்லா?" என்றார். பிடித்துப்போன ஒரு பொய்யை மனிதர்கள் அவ்வளவு சுலபத்தில் திருப்பித் தர மாட்டார்கள். அதிலும் அவருக்குக் கொடுத்தவளே நான்.

"அரை மணி நேரம் என்கூடக் கீழே வாங்க. நீங்களே கேளுங்க," என்றேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது. வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் அட்டையும் பென்சிலும். பார்சல் கவுன்ட்டரில் இருந்தவர்கள் முதலாளியைப் பார்த்து விறைத்து நிற்க, "நான் இங்க இல்ல, வேலையப் பாருங்க," என்றார்.

முதல் பெண்மணி இருபத்திரண்டு கேள்விக்கும் நன்றாகவே பதில் சொன்னார். படிவத்தைத் திருப்பியபோது அவருடைய பார்சல் எண்ணைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். இரண்டாவது பெண்மணி பையை வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே, "அண்ணே, முகத்தப் பாத்தா நல்லவரா இருக்கீங்க. நீங்களே பாத்துப் போட்டுக்கங்க," என்றார். அண்ணாச்சி அந்தப் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மூன்றாவது ஆள் ஒரு கல்யாண வீட்டு அம்மாள். கூடவே ஐந்து பேர், பதினேழு பை. முன்பக்கத்துக்கே அவர் அவசரப்பட்டார். பின்பக்கம் வந்ததும் நம் கமலா சொன்னதையே, எழுத்துப் பிசகாமல், அண்ணாச்சியிடம் சொன்னார். வாசலில் ஆட்டோவுக்குப் பதில் வேன்.

அண்ணாச்சியின் பென்சில் மளமளவென்று கீழே இறங்கியது. எட்டாவது டிக் போட்டுவிட்டு அவரே நிறுத்தினார். தான் போட்ட நேர்க்கோட்டைப் பார்த்தார். வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து, "ஆசாரி, நாளைக்கு வர வேண்டாம். லாரிக்காரன்கிட்டச் சொல்லி அந்தத் தூணுகள இறக்காம நிப்பாட்டுங்க," என்றார். ஒரு தூண் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. இப்போதும் தரைத்தளத்தில் லிஃப்ட் பக்கத்தில் நிற்கிறது, எதையும் தாங்காமல்.

பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பில்லை. "டீச்சர், இதை என்கிட்டக் கொண்டு வாரதுக்கு முன்னால நீங்க பாத்திருக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகள அனுப்பியிருப்பேன்."

சின்ன வயதில் அம்மாவிடம் வாங்கியதற்குப் பிறகு அப்படி ஒரு திட்டு நான் வாங்கியதில்லை. குரலைக்கூட அவர் உயர்த்தவில்லை.

செல்வியும் மற்றவர்களும் தங்கள் மாடியிலேயே இருந்தார்கள். ஆய்வை எங்கள் செலவில் மறுபடி செய்து தருவதாக ஒப்புக்கொண்டோம். இந்த முறை ஒவ்வொரு மாடியிலும், ஆட்களை உட்கார வைத்துக் கேட்பது. சேலை எடுக்காமல் வெளியேறுகிறவர்களிடம் கட்டாயம் கேட்பது. கமலா ஒரு யோசனை சொன்னாள். "ஒவ்வொரு ஃபாரத்துலயும் கேள்விய மாத்தி மாத்தி அடிங்க மேடம். அப்ப அவசரத்துல ஆளுக்கு வேற வேற கேள்விதான் மாட்டும், எல்லாருக்கும் அதே எட்டு மாட்டாது." புத்தகத்தில் இதைப் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். நானும் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். கமலா சொன்ன பிறகுதான் செய்தேன்.

புதுப் படிவத்தை அண்ணாச்சி வரிவரியாகப் படித்தார். காபி பற்றிய வாக்கியத்தை அவரே அடித்து நீக்கினார். பிறகு, "ஒரு வரி சேர்க்கணும் டீச்சர்," என்றார். விற்பனைப் பெண்கள் கூட்டமில்லாத நேரத்தில் உட்கார ஸ்டூல் கேட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜை அன்று எல்லாருமாகச் சேர்ந்து வந்து கேட்டார்களாம். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்பார்கள். "வாரவங்க மகாலட்சுமி. அவங்க வரும்போது நம்ம ஆளு உக்காந்திருந்தா மரியாதையா? அதைக் கேட்டு எழுதுங்க. கஸ்டமரு வாயாலயே வந்துட்டா அந்தப் பிள்ளைகளும் புரிஞ்சுக்கும்."

கூட வந்திருந்த மேலதிகாரியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நானும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் எழுதினேன்: 'விற்பனைப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் எனக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும்.' அண்ணாச்சி அதைச் சத்தமாக வாசித்து, திருப்தியோடு தலையாட்டினார்.

இரண்டாவது முறை மூட்டைகள் இறுக்கமாக விழவில்லை. கொஞ்சம் லொடலொடவென்றுதான் இருந்தன. தாய்வீடு சிதறிப்போனது. உட்கார இடம், லிஃப்ட், கழிப்பறை மூன்றும் மட்டும் ஒரு மூட்டையில் சேர்ந்தன. சேலை எடுக்காமல் போனவர்களின் படிவங்களைத் தனியே பார்த்தால், கூட வந்த வயதானவருக்கோ வீட்டுக்காரருக்கோ உட்கார இடமில்லை, அவர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார், கிளம்பிவிட்டோம் என்பதே திரும்பத் திரும்ப வந்தது. மூட்டையின் மேல் 'கால் வலி' என்று எழுதினேன்.

"இதுக்குப் பேர் சூட்டு விழா கிடையாதா?" என்றார் மேலதிகாரி.

"முடிஞ்சிடுச்சு சார்."

"கால் வலியா?"

"ஆமாம் சார்."

"பேஷ்," என்றார்.

இங்கே நான் இரண்டாம் முறையும் விழப் பார்த்தேன். அண்ணாச்சி சேர்க்கச் சொன்ன வாக்கியம் எந்த மூட்டையோடும் சேரவில்லை. தனியாகக் கிடந்தது. எதோடும் ஒட்டாத வாக்கியத்தைத் தூக்கிப் போடுவது வழக்கம். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சிவப்புப் பேனாவால் அதைக் குறுக்கே அடித்துவிட்டு அறிக்கையை மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் அந்தச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். "இது ஏன் ஒட்டலை?"

"லோடிங் இல்ல சார். எந்த மூட்டையோடயும் ஒட்டற அளவு இல்ல."

"அது கணினி சொல்ற காரணம். நீ சொல்லு."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஒன்று போட்டிருந்தார்கள். கொஞ்சமும் சம்மதமில்லை. பணக்காரர், நடுத்தரம், கல்யாணக் கூட்டம், தனியாக வந்தவர், யாராக இருந்தாலும் ஒன்று. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதில் ஒன்றுமில்லை. அது எதோடும் சேராது. ஆட்கள் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதைத்தான் இந்தக் கணக்கு தேடுகிறது. எல்லாரும் ஒத்துப்போகிற விஷயம் அதன் கண்ணில் படாது. அந்த ஆய்வில் கிடைத்த மிகத் தெளிவான விடையை நான் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தேன்.

அண்ணாச்சியிடம் அதைத் தனித்தாளில் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாரும் ஒண்ணு போட்டிருக்காங்களே. இதுவும் பார்சலா டீச்சர்?"

நல்ல மாணவர். "இல்லை அண்ணாச்சி. இந்தக் கேள்வி ஒவ்வொரு படிவத்துல ஒவ்வொரு இடத்துல இருக்கு. பக்கத்துக் கேள்விக்கெல்லாம் வேற வேற மார்க் இருக்கும், பாருங்க."

"பாக்கத்தான் போறேன்," என்றார். படிவங்கள் முழுவதையும் கொண்டுவரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றரை மணி நேரம். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் மூன்று முறை போன் வந்தது, எடுக்கவில்லை. ஒரு படிவத்தில் நிறுத்தினார். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி தன் கையால் எழுதியிருந்தார்: 'உட்காரட்டுமே, யார் வேண்டாமென்றது?'

அதை அவர் மெல்ல, வாய்விட்டு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நான்தான்," என்றார்.

கல்லூரிக்குத் திரும்பப் போய் அதே மாணவர்களிடம் என் தாய்வீட்டை நானே இடித்த கதை இன்னொன்று. முதல் வகுப்பைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள், தூங்கியது ஒருவர்தான். அதையெல்லாம் விடுங்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: ரொம்ப அழகாக ஒன்று விழுந்தால் படிவத்தைத் திருப்பிப் பாருங்கள். தூக்கிப் போடுவதற்கு முன்னாலும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். படிவத்தை நிரப்பியவர்களிடம் பேசுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதிய நேரத்தில், எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குக் கொடுக்கச் சேலை எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். மூன்றாவது மாடியில் கூட்டமில்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஸ்டூல்கள். செல்வி ஒன்றில் உட்கார்ந்து ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனாள். பாதி எழுந்தவள் ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க மேடம்," என்றாள். "என்ன கலர் பாக்கறீங்க?"